சாவியை யாருகிட்ட குடுக்கணும்னு கேட்டீங்களே அண்ணே

நடுவர் ஐயாவுக்கு வணக்கம், ரெண்டு அணிக்கும் வணக்கம், பிள்ளைங்களை டான்ஸ் கிளாஸ்ல இருந்து கூட்டிக்கிட்டு நேரா இங்க வந்து உக்காந்திருக்கிற சிட்னி தமிழ்ச் சொந்தங்களுக்கு வணக்கம், இந்த மண்ணுக்கு மூத்த குடியான தாருக் மக்களுக்கு வணக்கம். நேரம் கம்மி, ஆரம்பிச்சிடறேன்.

"ஆஸ்திரேலியா இன்னைக்கு நிக்கிறது வந்தவர் உழைப்பிலா, இருந்தவர் இழப்பிலா?" இதான் தலைப்பு. இழப்புலதான்னு சொல்ல வந்திருக்கேன். எனக்கு முன்னாடி எதிரணி அண்ணன் பேசினாரு, நல்லாவே பேசினாரு, 1788 ஜனவரியில பதினோரு கப்பல் வந்துச்சு, எழுநூறு பேருக்கு மேல கைதிங்க, சின்னச் சின்ன திருட்டுக்கெல்லாம் நாடு கடத்தி விட்டவங்க, கால்ல விலங்கோட கல்லு உடைச்சாங்க, முதுகுல சவுக்கடி வாங்கிக்கிட்டே ரோடு போட்டாங்கன்னு அவரு சொல்லச் சொல்ல முன் வரிசையில ரெண்டு அம்மா கண்ணைத் துடைச்சாங்க, நானே பார்த்தேன். முடிக்கும்போது என் பக்கம் கையக் காட்டி, "தங்கச்சி இப்ப வந்து இழப்பு இழப்புன்னு அழுவாங்க, அவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க, லோன் போட்டு வாங்கின வீட்டுச் சாவியை யாருகிட்ட குடுத்துட்டு ஊருக்கு பிளைட் ஏறப் போறாங்கன்னு கேளுங்க" அப்படின்னாரு. மொத்த ஹாலும் கை தட்டுச்சு.

இருக்கட்டும். சாவிக்கு வர்றேன். கண்டிப்பா வர்றேன், அண்ணன் டீ குடிக்க எந்திரிச்சுப் போயிடாதீங்க. அதுக்கு முன்னாடி அந்த சவுக்கடிக் கதையை அண்ணன் பாதியில விட்டுட்டுப் போயிட்டாரு, மீதியை நான் சொல்றேன்.

1791. சிட்னி ஹார்பர். இங்க ஏற்கனவே இருந்த பூர்வகுடி ஜனங்கள்ல மீன் பிடிக்கிறதுல பெரும்பங்கு யாரு வேலைன்னு நினைக்கிறீங்க? பொம்பளைங்க வேலை. ஆம்பளைங்க ஈட்டியால குத்திப் பிடிப்பாங்க, பொம்பளைங்க தூண்டில் போடுவாங்க. மரப்பட்டையை உரிச்சு மடிச்சு ரெண்டு பக்கமும் கட்டின சின்ன ஓடம், ஒரு அலை வந்தா நம்ம எல்லாம் கவுந்துடுவோம், அதுல இடுப்புல குழந்தையோட உக்காந்து, ஓடத்துக்கு நடுவுல கொஞ்சம் களிமண்ணைப் பரப்பி அது மேல சின்னதா நெருப்பு மூட்டி வச்சுக்கிட்டு, பாட்டுப் பாடிக்கிட்டே மீன் பிடிப்பாங்க. தூண்டில் முள்ளு சிப்பியில செஞ்சது. ஒரு சிப்பியை எடுத்து கல்லுல தேச்சு தேச்சு பிறை நிலா மாதிரி வளைவா கொண்டு வரணும், நடுவுல உடைஞ்சா மறுபடி முதல்ல இருந்து. நூலு மரப்பட்டை நாரை தொடையில வச்சுத் திரிச்சது. அந்த தூண்டிலும் நூலும்தான் வீட்டுல அன்னைக்கு அடுப்பு எரியுமா எரியாதாங்கிறதை முடிவு பண்ணும்.

டாரிங்கான்னு ஒரு அம்மா. கோல்பிங்கிறவரோட மனைவி. அந்த அம்மாவோட தூண்டில் சாமானை ஒரு கைதி திருடிட்டான். கையும் களவுமா மாட்டிக்கிட்டான். கவர்னர் ஆர்தர் ஃபிலிப் என்ன பண்ணாரு, "பாருங்க, எங்க ஆளே தப்பு பண்ணாலும் நாங்க விட மாட்டோம், எங்க நீதி எப்பேர்ப்பட்டதுன்னு இந்த ஜனங்க பார்க்கட்டும்" அப்படின்னு நினைச்சு, எத்தனை பேரைக் கூட்ட முடியுமோ அத்தனை பேரையும் கூட்டி வச்சு, எதுக்கு அடிக்கிறோம்னு விளக்கமும் சொல்லச் சொல்லி, அவனைக் கட்டி வச்சு சவுக்கால அடிக்க விட்டாரு.

இப்ப அந்தக் கூட்டத்தைப் பாருங்க. பொருளைப் பறிகொடுத்தவங்க நிக்கிறாங்க. திருடினவன் கட்டுண்டு கிடக்கான். அடி விழுது. திருடனுக்கு அடி விழுந்தா நம்ம பஸ் ஸ்டாண்டுல என்ன நடக்கும்? "நல்லா போடு, இன்னும் ரெண்டு போடு"ன்னு நாலு பேரு சேருவாங்கல்ல? அங்க ஒருத்தர் கூட அப்படி நிக்கல. டென்ச்னு ஒரு மரைன் ஆபீசர், அந்தக் கப்பல்லயே வந்தவரு, அவரே எழுதி வச்சிருக்காரு, அங்க நின்னவங்கள்ல அந்தத் தண்டனையை வெறுக்காதவங்களோ அடிபட்டவன் மேல பரிதாபப்படாதவங்களோ ஒருத்தர் கூட இல்லைன்னு. டாரிங்கா, யாரோட தூண்டில் போச்சோ அதே டாரிங்கா, கண்ணுல தண்ணி விட்டு அழுதாங்க. அழுதது யாரு? திருட்டுக் குடுத்தவங்க. யாருக்காக? திருடினவனுக்காக.

இன்னும் முடியல. பக்கத்துல இன்னொரு அம்மா நின்னாங்க. பேரு பாரங்காரூ. ஆமாங்க, டார்லிங் ஹார்பர் பக்கத்துல காசினோவும் கண்ணாடிக் கட்டடமுமா நிக்குதே, நம்ம சனிக்கிழமை ராத்திரி ஐஸ்கிரீம் சாப்பிடப் போவோமே, அந்த பாரங்காரூ. அது ஒரு பொம்பளையோட பேரு. காமெரேகல் குலத்துப் பொம்பளை, கவர்னர்கிட்ட பேசிப் பழகின பூர்வகுடிக்காரர் பென்னலாங்கோட மனைவி. லேசுப்பட்ட ஆள் இல்ல. புருஷன் வெள்ளைக்காரங்க குடியிருப்புக்குக் கிளம்பினாருன்னு கோவம் வந்து அவரோட மீன் குத்துற ஈட்டியை எடுத்து பாறையில ஓங்கி அடிச்சு ஒடிச்சவங்க. கவர்னர் வீட்டு விருந்துக்கு வந்தாலும் அவங்க குடுத்த துணியை உடுத்த மாட்டேன்னு நின்னவங்க. அந்த பாரங்காரூ, அந்த சவுக்கு மறுபடி மேல போறதைப் பார்த்தாங்க. சுத்தி துப்பாக்கியோட சிப்பாய்ங்க. கவர்னர் உத்தரவு. பாரங்காரூ கையில எதுவும் இல்ல. பக்கத்துல கிடந்த ஒரு கம்பை வெடுக்குனு எடுத்தாங்க, ஓங்கிட்டு சவுக்கு வச்சிருந்தவனைப் பார்த்து அடிக்கப் போயிட்டாங்க!

கை தட்டுங்க, அந்தம்மாவுக்குத் தட்டுங்க. இருநூத்து முப்பது வருஷம் கழிச்சாவது ஒரு கூட்டம் அந்தம்மாவுக்குக் கை தட்டட்டும்.

நடுவர் ஐயா, அதே காட்சியை இன்னொரு தடவை பாருங்கன்னு கேக்கறேன், இந்தத் தடவை அடிபட்டவன் கண்ணால பாருங்க. லண்டன்ல எங்கயோ ஒரு சந்துல பொறந்தவன். பொறந்ததுல இருந்து அவனுக்குன்னு யாரும் பரிஞ்சு பேசினது இல்ல. ஜட்ஜு பேசல, பாதிரியாரு பேசல, கப்பல் கேப்டன் பேசல. எட்டு மாசம் கப்பல் அடித்தட்டுல கிடந்து உலகத்தோட கடைக்கோடிக்கு வந்தான். இங்க, அவன் யாருகிட்ட திருடினானோ அந்த ஜனத்துல ஒரு பொம்பளை, அவன் பாஷை தெரியாதவ, அவனை அடிக்காதேன்னு கம்பைத் தூக்கிட்டு வந்து நிக்கிறா. அண்ணே, நீங்க அந்தக் கைதிக்காக உருக்கமாப் பேசினீங்க, முன் வரிசை அழுதுச்சு. உங்களுக்கு முன்னாடியே அவனுக்காக அழுதவங்க டாரிங்கா. அவனுக்காகக் கம்பெடுத்தவங்க பாரங்காரூ. வந்தவன் உழைப்புக்கும் வந்தவன் வலிக்கும் இந்த மண்ணுல முதல் முதலா வக்காலத்து வாங்கினது இருந்தவங்கதான்! நீங்க சொன்ன கதையோட மீதி இதுதான். இதை விட்டுட்டு சொன்னா அந்தக் கதை உங்க அணிக்கு உதவும், முழுசா சொன்னா எங்க அணிக்கு வந்து உக்காந்துக்கும்.

"நாகரிகத்தைக் கொண்டு வந்தான்"னு ஒரு வார்த்தை அண்ணன் விட்டாரு. அந்த மைதானத்துல சவுக்கு ஒரு பக்கம், கண்ணீரு ஒரு பக்கம். நாகரிகம் எந்தப் பக்கம் நின்னுச்சுன்னு இங்க இருக்கிற சின்னப் பிள்ளைகிட்ட கேளுங்க, சொல்லும்.

அந்த ஜனங்க எந்த நிலைமையில அழுதாங்கன்னும் தெரிஞ்சுக்கணும். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடிதான், 1789 ஏப்ரல்ல, பெரியம்மை வந்துச்சு. ஹார்பர் ஓரத்துக் குகை குகையா பொணம். சிட்னியைச் சுத்தி இருந்தவங்கள்ல பாதிப் பேரு போயிட்டாங்கன்னு பென்னலாங் சொன்னதா ஃபிலிப்பே எழுதினாரு. கோல்பியோட கடிகல் கூட்டத்துல மூணே மூணு பேரு மிச்சம்னு அப்பவே எழுதி வச்சிருக்காங்க. இப்ப நம்ம டவுன் ஹால், ஜார்ஜ் ஸ்ட்ரீட் எல்லாம் இருக்கே, அது கடிகல் நிலம். பாதி ஜனத்தைப் புதைச்சுட்டு வந்து நின்னவங்க, தன்கிட்ட திருடினவனுக்காக அழுதாங்க. எனக்கு இதைப் படிச்சப்போ ரெண்டு நாள் வேற எதுவும் ஓடல மனசுல.

சரி, கட்டினதுக்கு வர்றேன். "வந்தவன் கட்டினான், ஓப்பரா ஹவுஸைப் பாரு"ன்னாரு. அந்த ஓப்பரா ஹவுஸ் நிக்கிற இடத்துக்குப் பேரு பென்னலாங் பாயிண்ட். பென்னலாங்குக்கு அங்கதான் 1790-ல பன்னெண்டடிக்குப் பன்னெண்டடியில ஒரு செங்கல் குடிசை கட்டிக் குடுத்தாங்க. ஆனா அதுக்கும் முன்னாடி அந்த இடத்துக்கு வெள்ளைக்காரன் வச்ச பேரு சுண்ணாம்பு சுடுறவங்க முனை. ஏன்? செங்கல் சூளை போட்டாச்சு, களிமண்ணு இருக்கு, ஆனா கட்டடம் நிக்க சுண்ணாம்பு வேணுமே, சுண்ணாம்புக்கல்லு கிடைக்கல. தேடினா கடலோரமா சிப்பி மலை மலையா கிடக்கு. அது சும்மா ஒதுங்கின சிப்பி இல்ல. தலைமுறை தலைமுறையா அந்தக் குடும்பங்க உக்காந்து சுட்டுத் தின்னுட்டுப் போட்ட சிப்பி, பாட்டிக்குப் பாட்டி உக்காந்த இடம், பல இடத்துல அதுக்குள்ளதான் செத்தவங்களையும் புதைச்சிருப்பாங்க. அதை வாரி எடுத்து, கைதிப் பொம்பளைங்களை விட்டுப் பொறுக்க வச்சு, சுட்டு சுண்ணாம்பாக்கிப் பூசித்தான் இந்த ஊரோட ஆரம்பகால செங்கல் சுவர் பலதும் எழும்புச்சு. அண்ணே, செங்கலை அடுக்கினது வந்தவர் உழைப்பு, நான் இல்லைன்னு சொல்லல. ரெண்டு செங்கலுக்கு நடுவுல ஒட்டிக்கிட்டு இருக்கே, அது யாருடைய இழப்பு?

உழைப்புன்னே பேசினாலும் கணக்கு உங்களுக்கு வராது. வடக்க மாட்டுப் பண்ணைங்க எல்லாம் யாரு முதுகுல ஓடுச்சு? மாவு, சர்க்கரை, தேயிலை, கொஞ்சம் கறி, இதைக் குடுத்து, வெள்ளைக்காரத் தொழிலாளிக்குக் குடுக்கிறதுல ஒரு சின்னப் பங்கை மட்டும் கூலியா குடுத்து, பல இடத்துல அதுவும் குடுக்காம வேலை வாங்கினாங்க. 1966 ஆகஸ்ட் 23, வேவ் ஹில் பண்ணையில வின்சென்ட் லிங்கியாரி தலைமையில குரிஞ்சிங்கிற பூர்வகுடி ஜனங்க சுமார் இருநூறு பேரு குழந்தை குட்டியோட நடந்து வெளிய வந்துட்டாங்க. கூலிக்காகன்னு எல்லாரும் நினைச்சாங்க, அவங்க நிலத்தைத் திருப்பிக் குடுன்னு உக்காந்துட்டாங்க. ஒன்பது வருஷம்! 1975 ஆகஸ்ட்ல பிரதமர் விட்லம் நேர்ல போயி ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி லிங்கியாரி கையில போட்டாரு. அந்தப் போட்டோவை கூகுள்ல பாருங்க, வீட்டுக்குப் போயி பாருங்க, இப்ப போனை எடுக்காதீங்க.

இப்ப சாவி.

அண்ணே, சாவி கேள்வி உங்க சொந்தச் சரக்குன்னு இந்த ஹால் நினைச்சுக் கை தட்டிருச்சு. அது முப்பது வருஷத்துக்கு முன்னாடியே இந்த நாட்டு டிவியிலயும் பேப்பர்லயும் ஓடின கேள்வி. 1992 ஜூன் 3, ஹைகோர்ட், இங்க அதுதான் உச்ச நீதிமன்றம், மாபோ வழக்குல தீர்ப்பு சொல்லுச்சு, ஏழு நீதிபதியில ஆறு பேரு ஒரே பக்கம். வெள்ளைக்காரன் வந்தப்போ இது யாருக்கும் சொந்தமில்லாத நிலம்னு இருநூறு வருஷமா சட்டம் நம்பிக்கிட்டு இருந்ததைத் தூக்கிப் போட்டுச்சு. உடனே என்ன கிளப்பி விட்டாங்க? "அய்யோ உங்க கொல்லைப்புறத்தை எடுத்துக்குவாங்க, உங்க வீட்டை எடுத்துக்குவாங்க." எடுத்தாங்களா? அந்தத் தீர்ப்புலயே தெளிவா இருக்கு, ஃப்ரீஹோல்டா, அதாவது முழுச் சொந்தமா, பட்டா குடுத்த நிலத்துல நேட்டிவ் டைட்டில், அதாவது பூர்வகுடிங்களோட பாரம்பரிய நில உரிமை, முடிஞ்சு போச்சு. 1993-ல வந்த சட்டமும் அதைத் தொடல. டூங்காபியில நீங்க வாங்கின நாலு பெட்ரூமுக்கு அதனால ஒரு ஆபத்தும் இல்ல. அவங்க உங்க சாவியைக் கேக்கவே இல்ல அண்ணே! கேக்காதவங்க மேல பழியைப் போட்டுக் கை தட்டு வாங்கிட்டீங்க.

என்ன கேட்டாங்க அப்ப? அதைச் சொல்ல எட்டி மாபோவைப் பத்திச் சொல்லணும். எட்டி கொய்கி மாபோ. ஆஸ்திரேலியாவுக்கு வடக்க டோரஸ் நீரிணையில மெர் தீவு, இங்கிலீஷ்ல மர்ரே தீவும்பாங்க, அங்க பொறந்தவரு. பொறந்த கொஞ்ச நாள்ல அம்மா போயிட்டாங்க, மாமா பென்னி மாபோவும் அவரு மனைவியும் ஊர் வழக்கப்படி தத்தெடுத்து வளர்த்தாங்க. பெரியவரானதும் தீவை விட்டு வந்து கரும்பு வெட்டினாரு, ரயில்வேயில தண்டவாள வேலை பார்த்தாரு, அப்புறம் டவுன்ஸ்வில்ல இருக்கிற ஜேம்ஸ் குக் யூனிவர்சிட்டியில தோட்டக்காரரா சேர்ந்தாரு. கவனிச்சீங்களா, இந்த மண்ணை இங்கிலாந்துக்குன்னு சொந்தம் கொண்டாடின கேப்டன் குக் பேருல இருக்கிற யூனிவர்சிட்டி. சாப்பாட்டு நேரத்துல அங்க இருந்த ரெண்டு வரலாற்று ஆசிரியர்கள்கிட்ட, ஹென்றி ரேனால்ட்ஸ், நோயல் லூஸ், பேசிக்கிட்டு இருக்காரு. எங்க தீவுல எனக்கு நிலம் இருக்கு, அப்பாவுது, எனக்கு வரும்னு. அவங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. தயங்கித் தயங்கி சொன்னாங்க, சட்டப்படி அது உங்க நிலம் இல்ல, அரசாங்க நிலம்னு. மனுஷன் ஆடிப் போயிட்டாரு. எப்படி என் நிலம் இல்லைன்னு சொல்ல முடியும்?

யாழ்ப்பாணத்து அக்காமார் அண்ணன்மார் இங்க நிறையப் பேரு இருக்கீங்க. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்ல. ரெண்டு வளவுக்கு நடுவுல கதியால் ஒரு சாண் தள்ளி நட்டுட்டான்னு தாத்தா காலத்துல தொடங்கின வேலிச் சண்டை பேரன் காலத்துல கோர்ட்டுல நிக்கும். மெர் தீவும் அப்படித்தான். எந்த மரத்துல இருந்து எந்தக் கல்லு வரைக்கும் யாரு தோட்டம்னு ஊருக்கே தெரியும். மாலோன்னு அவங்க தெய்வம், மாலோ போட்ட சட்டம் என்ன தெரியுமா? அடுத்தவன் பொருள்ல கை வைக்காதே, அடுத்தவன் நிலத்துக்குள்ள காலை விடாதே. அவ்வளவு கறாரா எல்லை வச்சு வாழ்ந்த ஜனத்தைப் பார்த்துதான் உங்களுக்கு நிலம்னு ஒண்ணும் கிடையாதுன்னு சொன்னாங்க.

1982-ல மாபோவும் இன்னும் நாலு பேரும் கேஸ் போட்டாங்க. 1985-ல குயின்ஸ்லாந்து அரசாங்கம் ஒரு சட்டம் போட்டுச்சு, அந்தத் தீவுங்க மேல அவங்களுக்கு முன்னாடி எந்த உரிமை இருந்திருந்தாலும் 1879-லயே எல்லாம் செத்துப் போச்சு, நஷ்ட ஈடும் கிடையாதுன்னு. கேஸ் நடக்கும்போதே கேஸோட கழுத்தை நெரிக்கிறதுக்கு ஒரு சட்டம்! அதை உடைச்சது எது? இங்கதான் உங்க இன்னொரு கேள்விக்கும் பதில் இருக்கு அண்ணே. "வெள்ளைக்காரன் வரலைன்னா நம்ம இங்க வந்திருப்போமா"ன்னு கேட்டீங்க. வெள்ளைக்காரன் வந்த நாடு நம்மளை உள்ள விட்டுச்சா? 1901-லயே வெள்ளை ஆஸ்திரேலியான்னு சட்டம் போட்டான். வர்றவனுக்கு அம்பது வார்த்தை டிக்டேஷன், ஆபீசருக்குப் பிடிச்ச ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில. 1934-ல எகோன் கிஷ்னு ஒரு எழுத்தாளரை உள்ள விடக் கூடாதுன்னு, அவருக்குப் பல மொழி தெரியும்கிறதால, ஸ்காட்லாந்து கேலிக்ல டிக்டேஷன் வச்ச நாடு இது. 1958 வரைக்கும் அந்தப் பரீட்சை இருந்துச்சு. அந்தக் கொள்கையை ஒரேயடியா மூடினது 1973. அப்புறம் 1975-ல இனப் பாகுபாடு தடைச் சட்டம் வந்துச்சு. நாளைக்கு உங்க பொண்ணுக்குத் தோல் நிறத்தைப் பார்த்து ஒருத்தன் வாடகைக்கு வீடு இல்லைன்னா, நீங்க தூக்கிட்டுப் போற சட்டம் அது. அதே சட்டத்தை வச்சுத்தான் 1988-ல மாபோ பக்கத்துக்காரங்க குயின்ஸ்லாந்து சட்டத்தை உடைச்சாங்க, நாலு நீதிபதி இந்தப் பக்கம், மூணு நீதிபதி அந்தப் பக்கம், நூலிழையில. அவங்களைக் காப்பாத்தினதும் நம்மளைக் காப்பாத்துறதும் ஒரே சட்டம். நம்ம யாரு பக்கம் நிக்கணும்னு இதுக்கு மேல நான் என்ன சொல்ல?

முதல் மணி அடிச்சுட்டீங்க ஐயா, தெரியுது. இன்னும் ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், இது வாதம் இல்ல, இதை மதிப்பெண்ணுல சேர்க்க வேண்டாம்.

1970-களோட ஆரம்பத்துல பென்னி மாபோவுக்கு உடம்பு ரொம்ப முடியாம போச்சு. டிபி. மாபோ பொண்டாட்டி பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு டவுன்ஸ்வில்ல இருந்து கிளம்பி தேர்ஸ்டே தீவு வரைக்கும் போயிட்டாரு. அங்க இருந்து சொந்த ஊரான மெர் தீவுக்குப் போக அனுமதி வேணும். அந்தக் காலத்து குயின்ஸ்லாந்து நிர்வாகம் அப்படி. சொந்த மண்ணுல கால் வைக்க, சாகக் கிடக்கிற அப்பாவைப் பார்க்க, பர்மிஷன். இவரு அரசியல் பேசுற ஆளு, வந்தா ஊரைக் கெடுத்துடுவாருன்னு நினைச்சாங்க. பர்மிஷன் குடுக்கல. அப்படியே திரும்பி வந்துட்டாரு. அப்பா போயிட்டாரு. தாங்கிக்கவே முடியலையாம் அவருக்கு.

இந்த ஹால்ல எத்தனை பேரு, 2020-லயும் 21-லயும் பார்டர் மூடிக் கிடந்தப்போ, அப்பாவோ அம்மாவோ போன செய்தி கேட்டு, வெளிநாடு போறதுக்கு அனுமதி கேட்டு அப்ளிகேஷன் போட்டுட்டு, பதிலுக்குக் காத்துக்கிட்டு, கடைசியில வாட்ஸ்ஆப் வீடியோ கால்ல கொள்ளி வைக்கிறதைப் பார்த்தீங்க? கை தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும். ராத்திரி ரெண்டு மணிக்கு கிச்சன்ல போனை சர்க்கரை டப்பா மேல சாய்ச்சு வச்சு, நெட் விட்டு விட்டு வர, மூஞ்சி தெரியுமா தெரியுமான்னு பார்த்துக்கிட்டு நின்னோமே. நமக்கு அது ஒரு கொள்ளை நோய்க் காலம். அந்த மனுஷன் போனப்போ கொள்ளை நோய் எதுவும் இல்ல, போர் எதுவும் இல்ல, கடலைத் தாண்டினா அப்பா. யாரு தடுத்தது? இருந்தவரை அவரு இடத்துக்குப் போக விடாம தடுத்த அந்த ஒரு கையெழுத்து, அதுதான் ஐயா இழப்பு. நிலம் ஏக்கர் கணக்கு இல்ல. அப்பா முகம்.

இங்க பலாலி, வலிகாமம் வடக்குல இருந்து 1990-ல ஒரே ராத்திரியில ஓடி வந்த குடும்பம் இருக்கீங்க. காணி உறுதியை மட்டும் பையில போட்டுக்கிட்டு வந்து, கேம்புல வச்சிருந்து, கொழும்புல வச்சிருந்து, இன்னைக்கு சிட்னியில பாஸ்போர்ட் இருக்கிற டிராயர்ல வச்சிருக்கீங்க. ராணுவம் உக்காந்திருக்கிற காணிக்கு உறுதி எதுக்குன்னு பிள்ளைங்க கேட்டா பதில் சொல்லத் தெரியாது உங்களுக்கு. ஆனா தூக்கிப் போட மாட்டீங்க. உங்களுக்கு மாபோவைப் புரியும். எங்க ஊர் பக்கத்துல இருந்து வந்தவங்களை விட உங்களுக்கு நல்லாவே புரியும்.

அவரு ஜெயிச்சதைப் பார்க்கல. 1992 ஜனவரி 21, கேன்சர்ல போயிட்டாரு, தீர்ப்பு வந்தது ஜூன்ல. இன்னொண்ணு சொல்றேன், கேஸ் நடக்கும்போது உண்மைகளை விசாரிச்ச நீதிபதி, பென்னி மாபோவோட வாரிசுன்னு இவரு கேட்ட அவரோட சொந்த நிலத்தை ஏத்துக்கல. தனக்குன்னு கேட்டது கிடைக்கல. அப்புறமும் கேஸை விடல அந்த மனுஷன், ஊருக்காக நடத்தினாரு. 1995-ல டவுன்ஸ்வில்ல கல்லறையைத் திறந்து வச்சு விழா எடுத்தாங்க, விடியறதுக்குள்ள எவனோ வந்து சிவப்பு பெயிண்ட்டுல நாஜிச் சின்னம் வரைஞ்சு, அவரோட வெங்கலச் சிலை முகத்தைப் பேர்த்து எடுத்துட்டுப் போயிட்டான். செத்தவரைக் கூட நிம்மதியா விடல. குடும்பம் அவரைத் தோண்டி எடுத்து மெர் தீவுக்குக் கொண்டு போயிட்டாங்க. இந்தத் தடவை யாரும் பர்மிஷன் கேக்கல.

ரெண்டாவது மணியும் அடிச்சாச்சு. அண்ணே, உங்க மேல எனக்கு வருத்தம் இல்ல. நீங்க கேட்டதுக்குப் பதிலா நான் ஒண்ணு கேக்கறேன், இப்ப சொல்ல வேண்டாம், யோசிச்சு சொல்லுங்க: வர்ற மாசம் உங்க பையன் ஸ்கூல் அசெம்ப்ளியில தாருக் மக்களுக்கு மரியாதை சொல்லும்போது, நீங்க பின்னாடி வரிசையில போன் பார்க்காம எந்திரிச்சு நிப்பீங்களா? நடுவர் ஐயா, இருந்தவர் இழப்புலதான் இந்த நாடு நிக்குதுன்னு தீர்ப்பு சொல்லுங்க. அண்ணன் நல்லாப் பேசினாருன்னும் சொல்லுங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல. வணக்கம்.